கேட்காமல் வந்த காசும் கேட்டு வாங்கும் காசும்

பெருங்குளத்தில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்கள் வாழ்ந்த வீடு ஒன்றிலிருந்து 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி, அருகிலிருந்த பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். இரு ஊர்களும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரவருணிப் பாசனப் பகுதியில் உள்ளவை. அவள் தப்பியது அது முதல் முறையன்று. அதற்கு முன்பும் ஒருமுறை ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலிருந்த தூத்துக்குடிக்கு, தன் தாயிடம் ஓடிப் போயிருக்கிறாள். தேடி வந்தவர்களிடம் தாய் அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டார். தண்டனையாக அவள் கைகளில் சூடு வைக்கப்பட்டது. இரண்டாம் முறை அவளைக் கண்ட கிறிஸ்தவப் பெண்மணி ஒருவர், அப்போது பண்ணைவிளையில் தங்கியிருந்த ஏமி கார்மைக்கேல் என்னும் அயர்லாந்து மிஷனரியிடம் மறுநாள் காலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பிரீனா என்று பின்னர் அறியப்பட்ட அச்சிறுமியின் வருகையிலிருந்து கிளைத்ததுதான், களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில் உருவான குழந்தைகள் காப்பகம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் குழந்தைகள் இருந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 1927இல் 'டோனாவூர் ஐக்கியம்' எனத் தனி அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது. 1895இல் இந்தியா வந்த கார்மைக்கேல், 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

இந்த வரலாற்றைப் பக்தி நூலாகவோ சமூகச் சீர்திருத்த வரலாறாகவோ பலர் எழுதியிருக்கிறார்கள். பொருளியல் கற்பித்தவனுக்கு வேறொரு கேள்வி எழுகிறது. இத்தனை குழந்தைகளுக்குச் சோறும் துணியும் பாலும் மருந்தும் பள்ளியும் அரை நூற்றாண்டுக்கு யார் பணத்தில் நடந்தன? அந்தப் பணம் எப்படித் திரட்டப்பட்டது? ஆள்கடத்தலிலிருந்து மீண்டவர்களுக்கெனத் தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் உலகெங்கும் நிதி திரட்டும் இக்காலத்தில், இது பழங்கதை விசாரணை அன்று. நிதி திரட்டும் முறை எதுவோ, அதுவே யார் மீட்கப்படுகிறார், எத்தனை நாள் தாங்கப்படுகிறார் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

கார்மைக்கேலின் விதி எளிமையானது: பணம் வேண்டி யாரிடமும் விண்ணப்பிப்பதில்லை, கடன் வாங்குவதுமில்லை. தேவையை இறைவனிடம் மட்டும் சொல்வது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர் கைக்கொண்ட வழி இது. முல்லரின் இல்லங்கள் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வளர்த்தன. அவரும் எவரிடமும் கையேந்தியதில்லை.

நம்பிக்கையின் வெற்றி என்று இதைச் சமய அன்பர்கள் கூறுவர். அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முல்லர் ஆண்டுதோறும் வரவு செலவுகளையும், எந்த நாளில் எந்தத் தேவை எப்படித் தீர்ந்தது என்பதையும் விரிவாக அச்சிட்டு வெளியிட்டார். கார்மைக்கேல் புத்தகங்கள் எழுதினார். 1903இல் வெளிவந்த அவரது 'உள்ளபடி' என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலும், 1909இல் வந்த 'தாமரை மொட்டுகள்' என்ற நூலும் இங்கிலாந்து வாசகர் பலரைச் சென்றடைந்தன. முதல் நூலின் கைப்பிரதி, வாசகரைச் சோர்வுறச் செய்யும், சற்று நம்பிக்கையூட்டுமாறு மாற்றி எழுதலாகாதா என்ற குறிப்போடு முதலில் திருப்பியனுப்பப்பட்டது. அவர் மாற்றவில்லை. நூலில் சொன்னவை உண்மைதானா என்ற ஐயம் எழுந்தபோது, பிற மிஷனரிகளின் உறுதிமொழிகள் பின்வந்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. நிதி கேட்கவில்லை என்பது மெய். தகவல் கொடுத்தார் என்பதும் மெய்.

அறக்கொடை என்பது விசித்திரமான சந்தை. கடையில் அரிசி வாங்குபவர் சமைத்துப் பார்த்துத் தரம் அறிகிறார். டோனாவூருக்குப் பத்து ஷில்லிங் அனுப்பிய லண்டன் மூதாட்டி, அப்பணம் பாலாக மாறியதா என்பதைத் தன் கண்ணால் காணப்போவதில்லை. பணம் கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். இலாபம் பகிராத நிறுவனங்கள் ஏன் தோன்றுகின்றன என்பதற்கு ஹென்றி ஹான்ஸ்மன் 1980இல் தந்த விளக்கம் இதுதான்: பொருளின் தரத்தை வாங்குபவர் சோதிக்க முடியாத இடத்தில், இலாபத்தை எடுத்துக்கொள்ள இயலாத அமைப்பே நம்பிக்கைக்குரியதாகிறது. கேட்காமலிருப்பது அந்த நம்பிக்கைக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான முத்திரை. பணத்துக்காகக் கதை சொல்கிறார் என்று அவரை யாரும் குறைகூற முடியாது.

டோனாவூர் என்ற பெயரே ஒரு கொடையாளியின் பெயர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1827இல் ரேனியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி அவ்வூரை அமைத்தபோது, பொருளுதவி செய்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் ஊருக்கு நிலைத்துவிட்டது. கேட்டு வாங்கிய பணத்தில் எழுந்த ஊரில், கேட்காத பணத்தில் ஒரு காப்பகம்.

முத்துக்குளித்துறைக்குக் கொடை கேட்கும் கலை புதிதன்று. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவைக் காணாத தென்மாவட்டத்தார் குறைவு. விரதமிருந்து காளியாகவும் குறவனாகவும் குரங்காகவும் வேடமிட்ட பக்தர்கள் ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாகக் காணிக்கை பெற்று, பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் கூடுவார்கள். வசதி படைத்தவரும் பிச்சைக்காரர் வேடமிட்டுக் கையேந்துவதுண்டு. கேட்பது இழிவு என்ற எண்ணத்தையே தலைகீழாக்கும் வழக்கம் அது. கேட்பவரின் அகந்தை கரைகிறது. கொடுப்பவருக்கும் ஊர்ப்பொதுவில் ஒரு பங்கு கிடைக்கிறது.

அங்கிருந்து தெற்கே கூப்பிடு தொலைவில் மணப்பாடு. 1542இல் இக்கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், மணப்பாட்டுக் குகையில் தங்கியதாக மரபு. அவர் நிதி திரட்டிய முறை வேறு. இங்கிருந்து ஆண்டுதோறும் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் பாதணிச் செலவுக்கென்றே ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசியார்களின் ஊதியத்துக்கு விட்டுத் தருமாறு சேவியர் அரசிக்கு எழுதினார். இக்கரைக் குழந்தைகளைவிட உங்களை விண்ணகம் சேர்க்கும் நல்ல பாதணி வேறில்லை என்ற கருத்தில். அரசியும் இசைந்தார். நிதி திரட்டுவோர் எவரும் பாடமாகக் கொள்ளத்தக்க மடல் அது. ஆனால், அந்தப் பணம் முதலில் யாருடையது? இதே கரையில் முத்துக் குளித்த பரதவர் மூச்சடக்கி ஈட்டியது. அரசி கொடுத்தது அவர்களிடமிருந்து எடுத்ததைத்தான்.

பின்னர் இக்கரையினர் தாமே கொடுக்கத் தொடங்கினர். கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்குப் போனது. சீர்திருத்தத் திருச்சபை ஊர்களில் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் வேரூன்றியது. திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவர் நண்பர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. கார்மைக்கேலின் முதல் நூல் வெளியான அதே ஆண்டு. வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிய நமது இன்றைய விவாதத்துக்கு, பனையேறிகளின் பிள்ளைகள் 120 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது ஏனோ நினைவுகூரப்படுவதில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளி அமைப்புகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 4.96 கோடிப் பேர் நவீன அடிமை நிலையில் உள்ளனர். இவர்களில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள். எஞ்சியோர் கட்டாயத் திருமணத்தில். கட்டாய உழைப்பால் ஆண்டுக்கு 23,600 கோடி டாலர் சட்டவிரோத இலாபம் ஈட்டப்படுவதாக அதே அமைப்பு 2024இல் கணக்கிட்டது. அந்த இலாபத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பாலியல் சுரண்டலிலிருந்து வருகிறது. இப்பெருந்தொகைக்கு எதிரில் உலகத் தேவாலயங்களின் காணிக்கைத் தட்டுகள் மிகச் சிறியவை. எனவே அந்தச் சிறுதொகை எங்கே போகிறது என்பது முக்கியமாகிறது.

கொடையாளியின் மனம் எண்ணிக்கைக்கு இரங்குவதில்லை, முகத்துக்கு இரங்குகிறது. ஓர் உயிரின் மதிப்பும் புள்ளிவிவர உயிர்களின் மதிப்பும் மக்கள் மனத்தில் ஒன்றல்ல என்று தாமஸ் ஷெல்லிங் 1968இலேயே எழுதினார். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் ஆகியோர் இதைச் சோதித்தனர். பசியால் வாடும் ஒரு சிறுமியைக் காட்டிக் கேட்டபோது கிடைத்த தொகை, இலட்சக்கணக்கானோரின் பசியைப் புள்ளிவிவரமாகச் சொன்னபோது கிடைத்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. வியப்பு என்னவெனில், சிறுமியையும் காட்டிப் புள்ளிவிவரத்தையும் சேர்த்துச் சொன்னபோது தொகை குறைந்தது. கணக்கு வந்ததும் கருணை கொஞ்சம் பின்வாங்கிவிட்டது.

இதை ஆய்வு செய்யாமலேயே அறிந்தவர்கள் நிதி திரட்டுவோர். கார்மைக்கேலும் அறிந்திருந்தார். பிரீனாவை அவர் தம் நூலில் உண்மைப் பெயரால் குறிப்பிடவில்லை. 'முத்துக் கண்கள்' என்ற பொருள்தரும் புனைபெயர் சூட்டினார். ஆனால் 'தாமரை மொட்டுகள்' நூல் உதகமண்டலத்து ஒளிப்படக் கலைஞர் பென் எடுத்த குழந்தைகளின் படங்களால் நிறைந்தது. அழகான படங்கள். இன்று அப்படி ஒரு நூலை நம் நாட்டில் வெளியிட முடியாது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. போக்சோ சட்டமும் அவ்வாறே தடுக்கிறது. பாலியல் வன்முறைக்குள்ளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சங்கிதையின்படி குற்றம்.

சட்டம் சரியானதே. முப்பது வயதில் ஒரு பெண் வேலை தேடும்போது, ஏழு வயதில் அவள் பட்ட துன்பம் யாரோ ஒருவரின் ஆண்டறிக்கை அட்டையில் இருக்கக்கூடாது. மீண்டவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்துக் காணிக்கை எடுக்கும் கூட்டங்களைப் பற்றியும் இதே கருத்துதான் எனக்கு. விரும்பிப் பேசுகிறார்கள் என்பார்கள். தங்க இடமும் உணவும் தருபவரிடம் 'பேச விருப்பமில்லை' என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

முகத்துக்கு இரங்கும் கொடையில் இன்னொரு குறையும் உண்டு. படத்துக்குப் பொருந்தாதவர் விடுபட்டுப் போகிறார். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து, மூன்றாண்டு முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்ற வாக்குறுதியோடு மேற்கு மாவட்டப் பஞ்சாலைகளுக்கு இளம்பெண்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயர் அதற்கு. விடுதியை விட்டு வெளியே போகத் தடை, கூடுதல் வேலை நேரம், இடையில் நின்றால் தொகை இல்லை. கொத்தடிமை முறையின் இலக்கணத்துக்கு இது மிக அருகில் வருகிறது. ஆயினும் சிவப்பு விளக்குப் பகுதிக் கதைக்கு இரங்கிய கொடையாளி இதற்கு இரங்கவில்லை. 2022இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி வேலை செய்ய வற்புறுத்தப்பட்டனர்; பின்னர் மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். அவர்களும் ஆள்கடத்தலுக்கு இரையானவர்களே. படித்த, மீசை வைத்த ஆணைக் காட்டி எந்தச் சபையில் காணிக்கை எடுப்பது?

பணம் கொடுத்து மீட்பது என்ற பழைய வழியையும் இங்கே பேச வேண்டும். 1198இல் தோன்றிய திரித்துவத் துறவியர் சபை, தன் வருவாயில் மூன்றிலொரு பங்கைச் சிறைப்பட்டோரை விலை கொடுத்து மீட்க ஒதுக்கியது. அறக்கொடை வரலாற்றில் இத்தனை கறாரான நிதி ஒதுக்கீடு அரிது. அதே வழியை 1990களில் சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'கிறிஸ்டியன் சாலிடாரிட்டி இன்டர்நேஷனல்' சூடானில் பின்பற்றியது. அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள்கூட உண்டியல் சேர்த்து அனுப்பினர். யுனிசெஃப் இதைக் கண்டித்தது. மீட்புக்கு விலை வைத்தால் பிடிப்பதற்கு ஊக்கம் பிறக்கும் என்பது ஒரு வாதம். அடிமையல்லாதவரை அடிமையெனக் காட்டிப் பணம் பறித்தார்கள் என்பது மற்றொரு குற்றச்சாட்டு. டீன் கார்லனும் ஆலன் குரூகரும் இச்சிக்கலைத் தேவை, அளிப்பு வளைகோடுகளில் வைத்துப் பார்த்தார்கள். புதிதாக ஆள் பிடிப்பது எளிதாக இருக்கும் இடத்தில், மீட்புப் பணம் விலையை உயர்த்தி மேலும் பலரைப் பிடிக்கவே தூண்டும். பிடிப்பது கடினமாக இருந்தால் மட்டுமே அப்பணம் அடிமைகளின் எண்ணிக்கையை உண்மையில் குறைக்கும். விடை இரக்கத்தின் அளவில் இல்லை. அளிப்பின் நெகிழ்ச்சியில் இருக்கிறது.

நம் மண்ணில் அளிப்பை நெகிழச் செய்தது பஞ்சம். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள், அதன்பின் வந்த பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையில் அடிமைகளை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். பசித்தவர்கள் தம்மையே விற்றார்கள், பிள்ளைகளையும் விற்றார்கள். ஆள் பிடிப்பவருக்குச் சவுக்கு தேவைப்படவில்லை. அரிசி விலை போதுமானதாக இருந்தது.

இதனால்தான் இன்றைய அமைப்புகள் பலவும் விலை கொடுப்பதை விட்டுச் சட்டத்தின் பக்கம் திரும்பின. 1997இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன்' என்ற கிறிஸ்தவ அமைப்பு, சென்னையை மையமாகக் கொண்டு செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் சிக்கிய கொத்தடிமைகளை வருவாய்த் துறை, காவல்துறை வழியாக விடுவிக்க உதவி வந்துள்ளது. கடனை அடைத்து மீட்பதில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டமே அந்தக் கடனை இல்லாததாக்கிவிட்டது. விடுவிப்புச் சான்றிதழ் பெறுவதும் வழக்கை நடத்துவதுமே செலவு. பொருளியல் நோக்கில் இது கூர்மையான மாற்றம். குற்றவாளிக்கு விலை கொடுக்காமல் குற்றத்தின் செலவை உயர்த்துகிறது.

ஆனால் மீட்பு ஒரு நாள் நிகழ்வு. அதற்குப் பின்னான வாழ்க்கை இருபது ஆண்டு, முப்பது ஆண்டு. நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டுத் திட்டப்படி, மீட்கப்பட்ட ஆணுக்கு 1 இலட்சம், பெண்களுக்கும் சிறார்க்கும் 2 இலட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு உள்ளானோர்க்கு 3 இலட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை. உடனடி உதவியாகக் கிடைப்பது 30,000 ரூபாய் வரைதான். முழுத் தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருப்பதால் வழக்கு இழுக்க இழுக்க அதுவும் இழுபடுகிறது. பாலியல் சுரண்டலிலிருந்து மீண்ட பெண்களுக்கென 2007இல் தொடங்கிய 'உஜ்ஜவலா' திட்டம், இப்போது 'சக்தி சதன்' என்ற பெயரில் பொதுவான காப்பகத் திட்டத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இடைவெளியை நிரப்ப வேண்டியது தனியார் கொடை. அந்தக் கொடையோ மீட்பு நாளின் கதவு உடைப்புக்குக் கிடைக்கிறது. ஐந்தாம் ஆண்டின் வீட்டு வாடகைக்குக் கிடைப்பதில்லை.

டோனாவூரின் தனிச்சிறப்பு இங்கேதான். ஒரு குழந்தை வந்தால் அது வளர்ந்து, படித்து, தொழிலோ குடும்பமோ அமையும்வரை அது அவர்கள் பிள்ளை. பலர் அங்கேயே பணியாற்றி முதுமையடைந்தார்கள். அதற்குக் காரணம் அன்பு என்பது உண்மை. நிதியின் தன்மையும் ஒரு காரணம் என்பேன். வந்த பணத்தில் பெரும்பகுதி இந்தத் திட்டத்துக்கு, இந்த ஆண்டுக்கு, இத்தனை எண்ணிக்கைக்கு என்ற நிபந்தனையோடு வரவில்லை. மூன்றாண்டுத் திட்ட நிதியில் முப்பதாண்டுக் குழந்தை வளர்ப்பு நடவாது.

வெளிநாட்டு நிதியைப் பற்றிய சட்டமும் இந்த நீண்ட காலப் பணியை இப்போது வேறு வகையில் நெருக்குகிறது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெற்ற நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவில் ஊதாரித்தனம் காட்டிய அமைப்புகள் இருந்தன. கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. எனினும் மீண்டவரின் மறுவாழ்வில் செங்கல்லும் சிமெண்டும் குறைவு. மனநல ஆலோசகர், வழக்கறிஞர், இரவில் தொலைபேசியை எடுக்கும் பணியாளர் ஆகியோரின் ஊதியமே செலவு. மருத்துவமனையில் மருத்துவரின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது என்று விதி தெளிவாகச் சொல்வதைப்போல, இவர்களுக்கும் தெளிவுபடுத்தினால் பாதிச் சிக்கல் தீரும். நகரத்துப் பெரிய அமைப்பு நிதி பெற்று, ஏரலிலோ உடன்குடியிலோ உள்ள சிறு அமைப்புக்குத் தரும் வழி அடைபட்டதும் இழப்பே.

ஒரே வெளிநாட்டு ஊற்றை நம்பியிருப்பதன் ஆபத்தை 2017 காட்டியது. முன் அனுமதியின்றிப் பணம் வரக்கூடாது என்ற அரசு ஆணைக்குப்பின், 'கம்பாஷன் இன்டர்நேஷனல்' என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு அவ்வாண்டு மார்ச்சில் இந்தியப் பணியை மூடியது. ஏறத்தாழ 1,45,000 குழந்தைகளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவி நின்றது. மதமாற்றம் நடந்ததா இல்லையா என்ற வழக்கில் எந்தப் பக்கம் நின்றாலும், அடுத்த மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட இயலாத குழந்தை எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

மதமாற்றம் என்ற கேள்வியைத் தவிர்ப்பது நேர்மையாகாது. கார்மைக்கேல் குழந்தைகளைக் கிறிஸ்தவர்களாகவே வளர்த்தார். அதை மறைக்கவும் இல்லை. குழந்தைகளை மீட்கக் கோரி உறவினர் தொடுத்த வழக்குகளையும் எதிர்கொண்டார். தேவதாசியர் சமூகத்தின் கலை, கல்வி, சொத்துரிமை என்ற மறுபக்கம் அவர் நூல்களில் மிகக் குறைவு. இங்கிலாந்து வாசகருக்கு இருட்டு மட்டுமே தெரிந்தது. கொடை திரட்டும் எழுத்துக்கு இது பொதுவான நோய். வாடிக்கையாளர் யாரோ, அவருக்குப் புரியும் வண்ணத்தில் துயரம் தீட்டப்படுகிறது.

அதே கொடுமையை வேறு கோணத்தில் அணுகியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடைக்கலம் தேடி வந்த தேவதாசிக் குலச் சிறுமியருக்கு விடுதிகள் இடம் மறுத்த நிலையில் அவர் தொடங்கிய அவ்வை இல்லம் பலரும் அறிந்தது. அதைவிட நுட்பமானது 1929இல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம். கோயில் பணிக்கென விடப்பட்ட மானிய நிலத்தை, அப்பணியிலிருந்து விலகினாலும் அப்பெண்களே வைத்துக்கொள்ளலாம் என்றாக்கியது அது. பெண்ணைப் பிணைத்திருந்த கயிறு நிலம். கயிற்றை அறுத்தபின் நிலம் அவளிடம் இருந்தது. பொட்டுக்கட்டுவதை முற்றிலும் தடை செய்த சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே பொருளாதார வேர் வெட்டப்பட்டுவிட்டது. எந்தக் காணிக்கைத் தட்டாலும் செய்ய இயலாத வேலை இது. அந்தச் சட்டத்துக்கும் அடைக்கலம் தர ஓர் இல்லம் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. பெருங்கட்டுமானம் வந்தால் ஒப்பந்தத் தொழிலாளர் வருவர், தரகர் வருவர், முன்பணம் வரும். முன்பணம் எங்கே கடனாகிறது, கடன் எங்கே பிணையாகிறது என்பதைக் கவனிக்க, அவ்வட்டாரத்துச் சபைகளுக்கும் கோயில் அறக்கட்டளைகளுக்கும் இப்போதே காரணம் இருக்கிறது. தொழிலாளியின் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்வது, பின்னாளில் நடத்தும் மீட்பைவிட மலிவானது.

தென்மாவட்டத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். நாற்பது ரூபாய்ப் பூசணிக்காய் நாலாயிரத்துக்குப் போகும். கேட்டவர்மீது ஒருவர் கேட்க, ஊர் சிரிக்க, எழுதுபவர் பெயரை உரக்கப் படிக்க, விலை ஏறும். விலைக் கோட்பாட்டில் இதற்கு இடமில்லை. ஆண்ட்ரியோனி கொடுப்பதன் 'இதமான சூடு' என்று குறிப்பிட்டது இதைத்தான். இங்கே எவருடைய முகமும் காட்டப்படவில்லை. எவருடைய துயரக் கதையும் சொல்லப்படவில்லை. பணம் உள்ளூர்ப் பணம். எந்த ஒழுங்குமுறைச் சட்டமும் அதைத் தடுக்காது. பெரும்பாலான ஊர்களில் இத்தொகை கோபுர வண்ணத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிறது. அதில் பத்திலொரு பங்கை, மாவட்டத்தில் பதிவு பெற்ற காப்பகம் ஒன்றிலிருந்து பதினெட்டு வயது நிறைந்து வெளியேறும் பெண்களின் முதல் இரண்டாண்டு வாடகைக்கும் தையல் பொறிக்கும் செவிலியர் படிப்புக்கும் ஒதுக்கலாம். பெயர் கேட்க வேண்டாம், படம் கேட்க வேண்டாம். காப்பகத்தின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கை மட்டும் ஆண்டுக்கொருமுறை சபைச் செயற்குழுவில் வாசிக்கச் சொன்னால் போதும். இவ்வாண்டு ஏலப் பட்டியல் தயாராவதற்குள் பொருளாளர்கள் இதைப் பேசிவிடலாம்.